கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கணக்கு

'லே-ஆஃப்' என்றால் வேலை போச்சு என்று அர்த்தம். டீக்கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், டிவியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தியச் சட்டத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற. 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் லே-ஆஃப் என்றால், கரி இல்லை, கரண்ட் இல்லை, மெஷின் உடைந்துவிட்டது, சரக்கு தேங்கிவிட்டது என்று கொஞ்ச நாளைக்கு வேலை கொடுக்க முடியாமல் போவது. ஆள் வேலையில்தான் இருக்கிறார், பெயர் மஸ்டர் ரோலில்தான் இருக்கிறது, ஓரளவு பெரிய தொழிற்சாலை என்றால் பாதிச் சம்பளமும் உண்டு. ஆளையே வெளியே அனுப்புவதற்குப் பெயர் 'ரிட்ரெஞ்ச்மென்ட்', தமிழில் ஆட்குறைப்பு. 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது ரெண்டு மார்க் கேள்வி. படித்து, எழுதி, மறந்துவிடலாம். பெண்ணாடத்துக்காரர் ஒருவருக்கு இது 65,650 ரூபாய் கேள்வியாக வந்து நின்றது. அதுவும் இன்டர்வியூவுக்கு நாலு நாள் இருக்கும்போது.

பெயர் வேண்டாம். வயசு இருபத்தாறு. விருத்தாசலம் அரசு செராமிக் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. (விருத்தாசலம் பக்கம் தெரியாதவர்களுக்கு: பீங்கான் என்றால் அங்கே தனித் தொழிற்பேட்டையே உண்டு. பொம்மை, அகல் விளக்கு, வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக இருக்குமே ஃப்யூஸ் கட்டை, எல்லாம் செய்கிற ஊர். அந்த ஃப்யூஸ் கட்டையின் இடத்தில் இப்போது ட்ரிப்பர் சுவிட்ச் வந்துவிட்டது, அது தனிக் கதை.) படித்து முடித்துவிட்டு சென்னைக்கு அந்தப் பக்கம் வாஷ்பேசின், டாய்லெட் செய்கிற ஒரு கம்பெனியில் கில்ன் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அதாவது சூளையைப் பார்த்துக்கொள்கிற வேலை. சேர்ந்து நாலு வருஷம் ஏழு மாசம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹெச்.ஆர். இருபத்திரண்டு பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஆர்டர் குறைந்துவிட்டதாம். டேபிளில் டைப் பண்ணிய ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று அதில் காரணமும் அவர்களே போட்டிருந்தார்கள்! அடுத்த திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் ரெண்டு மாசச் சம்பளம், நல்ல எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட். போடாவிட்டால்? அதை யாரும் வாயால் சொல்லவில்லை. 'உங்க ஃபியூச்சருக்கு நல்லது பாருங்க' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

நல்லவேளை, போன மாசமே போட்டு வைத்திருந்த ஒரு அப்ளிகேஷனுக்குச் சனிக்கிழமை இன்டர்வியூ என்று போன் வந்திருந்தது. அதே மாதிரி சானிட்டரிவேர் கம்பெனிதான். இவர் என்ன நினைத்தார் என்றால், இங்கே கையெழுத்தைப் போட்டுத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இன்டர்வியூவுக்குப் படிக்கலாம். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பயம் வந்துவிட்டால் ஒரு விஷயத்தை முடித்துவிட்டால் போதும் என்றுதான் இருக்கும். புதன்கிழமை ராத்திரி ரயிலேறி, விருத்தாசலத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் பெண்ணாடம் வந்து சேர்ந்தார்.

பெண்ணாடம் பெரிய ஊரெல்லாம் இல்லை. ஆனால் பழைய ஊர். தூங்கானைமாடக் கோயில், படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி விமானம். மெய்கண்டார் பிறந்த ஊர். அப்பர் சமணத்திலிருந்து திரும்பி வந்த பிறகு, 'இந்த உடம்போடு இருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, உன் அடையாளத்தைப் போடு' என்று சிவனிடம் கேட்டு, தோளில் சூலமும் இடபமும் பொறித்துக்கொண்டது இங்கேதான் என்று பெரியபுராணம் சொல்கிறது. இடம் மாறினவருக்கு ஒரு சீல் தேவைப்பட்டிருக்கிறது. ரிலீவிங் லெட்டருக்காக ஹெச்.ஆர். வாசலில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும் :-)

வெள்ளாற்றைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம், சிமெண்ட் ஆலைகள். இந்தப் பக்கம் கரும்பு. அரவை நின்றுபோன ஆலையையும், கைக்கு வராமல் கிடந்த கரும்புப் பணத்தையும் பார்த்த ஊர் இது. அதனால் 'கம்பெனி மூடப் போறான்' என்ற வார்த்தைக்கு ஊரில் யாரும் அதிர்ச்சியாவதில்லை. இவருடைய அம்மாவும் அதிகம் கேட்கவில்லை. 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டு, 'மாமாவைப் போய்ப் பாரு' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மாமா ஒரு ஆலையில் டைம் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். யார் எத்தனை மணிக்கு வந்தான், யாருக்கு எத்தனை நாள் லீவு, எந்த நாள் லாஸ் ஆஃப் பே... வாழ்க்கை முழுக்க இதுதான். வியாழக்கிழமை காலையில் போய் நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'இன்டர்வியூ எப்போ' இல்லை.

"சேர்ந்த தேதி என்ன மாப்ள?"

சொன்னார். மாமா காலண்டரை எடுத்துக்கொண்டார். நாலு வருஷத்தைத் தள்ளிவிட்டு, ஐந்தாவது வருஷத்தை மட்டும் மாசம் மாசமாக எண்ணினார். சம்பளத்தோடு எடுத்த லீவு, வார லீவு எல்லாம் உள்ளே. லாஸ் ஆஃப் பே நாளெல்லாம் வெளியே. வருகிற திங்கட்கிழமை வரைக்கும் 212 நாள்.

"இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தா இருநூத்தி நாப்பது. அதுக்குள்ள உன்னை ஏன் கையெழுத்துப் போடச் சொல்றான்னு யோசிச்சியா?"

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாரத்துக்கு ஆறு நாள் ஓடுகிற இடத்தில் ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தாலே அது முழு வருஷம்தான் என்று சட்டம் சொல்கிறது. அதை வைத்து, நாலு வருஷம் முடித்து ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் இருந்தால் கிராஜுவிட்டி உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்புச் சொன்னது. எல்லா கம்பெனியும் தானாக எடுத்துக் கொடுத்துவிடாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் கேட்க ஒரு பிடி இருக்கிறது. 28 நாள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பிடியும் போச்சு.

மாமா ஒரு பழைய நோட்டைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாசம் 16,900 ரூபாய். (புதிய சட்டத் தொகுப்பில் 'ஊதியம்' என்பதன் வரையறை மாறியிருப்பதால் இந்த எண் கூடவும் வாய்ப்பு உண்டு. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டார். கன்சர்வேடிசம் கன்வென்ஷன் படித்திருப்பீர்களே, அது மாமாவுக்குப் படிக்காமலே தெரியும்.)

ராஜினாமா செய்தால்: ரெண்டு மாசம், 33,800. அவ்வளவுதான். பி.எஃப். இவருடைய சொந்தக் காசு, அதை எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது.

ராஜினாமா செய்யாமல், அவர்களே சட்டப்படி ஆட்குறைப்பு செய்தால்: வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். ஆறு மாசத்துக்கு மேல் இருக்கும் துண்டு, முழு வருஷக் கணக்கு. ஆக ஐந்து வருஷம், 42,250. புதிய சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று வந்திருக்கிறது, ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குக் கடைசிச் சம்பளத்தில் 15 நாள், 8,450. இது போக ஒரு மாசம் முன்னறிவிப்பு. அந்த ஒரு மாசமும் உள்ளே வேலை செய்தால் 240 நாள் தாண்டிவிடும். அப்போது கிராஜுவிட்டி, 16,900ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து வருஷத்துக்கு 48,750. மொத்தம் 99,450. அந்த மாசச் சம்பளம் உழைத்து வாங்குவது, அதை மாமா சேர்க்கவில்லை.

முன்னறிவிப்புக்குப் பதிலாகக் காசைக் கொடுத்து அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டால்? கிராஜுவிட்டி கேள்விக்குறி. 16,900 சேர்த்து 67,600. அப்போதும் 33,800க்குச் சரியாக ரெண்டு மடங்கு.

"இதுல எதையும் அவன் தர்மத்துக்குத் தரல மாப்ள. நீ கேட்காம இருந்தா மட்டும்தான் அவனுக்கு மிச்சம்."

கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளர்கள் 180 பேர் இருந்தார்கள். பழைய சட்டமாக இருந்தால் 100 பேருக்கு மேல் இருக்கிற தொழிற்சாலை அரசாங்க அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பே செய்ய முடியாது, மூணு மாசம் முன்னறிவிப்பும் வேண்டும். புதிய தொகுப்பில் அந்த எல்லை 300 ஆகிவிட்டது. ஒரே ஒரு எண். அதை மாற்றியதில் இவர் மாதிரி நடுத்தரக் கம்பெனி ஆட்கள் மொத்தப் பேரும் அந்தக் குடைக்கு வெளியே வந்துவிட்டார்கள். மாமாவுக்கு இது தெரியாமல், 'அனுமதி வாங்கினானா' என்று கேட்க, இவர் மொபைலில் தேடிப் பார்த்துச் சொல்ல, பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம்.

அவசரத்துக்கு என்ன விலை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பர் 9ஆம் தேதி சொன்னது. மறைமலைநகர் தொழிற்சாலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். யூனியன் விடவில்லை. மாசக்கணக்கில் பேச்சு, 2022இல் வேலைநிறுத்தம், மறுபடி பேச்சு. கடைசியில் 2022 செப்டம்பரில் கம்பெனி அறிவித்தது, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் சராசரியாக 130 நாள் மொத்தச் சம்பளம். ஆரம்பத்தில் சொன்னது இதைவிடக் குறைவு. சட்டத்தின் குறைந்தபட்சம் 15 நாள் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஃபோர்டு மாதிரி கம்பெனியும் அந்த மாதிரி யூனியனும் கிடைக்காது, உண்மைதான். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அதற்குச் சில மாசம் முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். 'ஓய்வு' என்ற வார்த்தையை அந்த வயசுக்குப் போடுவதற்கே ஒரு தைரியம் வேண்டும்.

இருபத்திரண்டு பேருக்கு யூனியன் இல்லை. ஆனால் ஒரு சூளை இருந்தது. டனல் கில்ன் என்பது நீளமான குகை. ஒரு பக்கம் பச்சைச் சரக்கை ஏற்றிய வண்டி உள்ளே போகும், மறுபக்கம் வெந்து வெளியே வரும். ராப்பகல் நிற்காது. நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்றவைக்கிற கேஸ் ஸ்டவ் இல்லை அது. படிப்படியாகத்தான் ஆற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் செங்கல்லே வெடிக்கும். கையில் இருக்கும் ஆர்டரை முடிக்கக் கம்பெனிக்கு இன்னும் ஒரு மாசம் ஆபரேட்டர் வேண்டும். அந்த ஒரு மாசத்தில்தான் இவருடைய 28 நாள் இருந்தது.

சரி, இன்டர்வியூ.

இவர் நெட்டில் பார்த்துப் பத்துப் பதினைந்து கேள்விக்கு இங்கிலீஷில் பதில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மாமா திண்ணையில் சேரைப் போட்டு ஹெச்.ஆர். மாதிரி உட்கார்ந்துகொண்டார். 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்று கேட்க, இவர் ஹார்ட் ஒர்க்கர், டீம் பிளேயர், க்விக் லேர்னர் என்று கடகடவென ஒப்பித்தார்.

"எல்லாம் சரி மாப்ள. இதுல உன் வேலை எங்க இருக்கு?"

அதன் பிறகு தமிழில், தான் என்னதான் செய்கிறேன் என்று மாமாவுக்குச் சொல்ல ஆரம்பித்தார். 1,200 டிகிரி பக்கம் வேகும் சரக்கு ஆறும்போது 573 டிகிரியில் ஒரு கண்டம் இருக்கிறது. களிமண்ணோடு கலந்திருக்கிற குவார்ட்ஸ் அந்தச் சூட்டில் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை அவசரமாகத் தாண்டினால் வாஷ்பேசின் மயிரிழை விரிசல் விடும். சில சமயம் கண்ணுக்கே தெரியாது, தட்டினால் சத்தம் மட்டும் மாறும். அதனால் அந்த இடத்தில் மட்டும் காற்றைக் குறைத்து மெதுவாக இறக்க வேண்டும். ஒரு நைட் ஷிஃப்டில் ஆற்றும் ஃபேன் ஒன்று ஏறுமாறாக ஓடியதை இவர் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து ஒரு வண்டிச் சரக்கைக் காப்பாற்றியிருக்கிறார். இதை இன்டர்வியூவில் சொல்ல வேண்டும் என்றே இவருக்குத் தோன்றவில்லை. நாலரை வருஷம் தினமும் செய்கிற வேலை, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்! வெள்ளிக்கிழமை முழுக்க இதைத்தான் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்தது, 'ஏன் வேலையை விடுகிறீர்கள்?' இவர் எழுதி வைத்திருந்தது கேரியர் க்ரோத். நெட்டில் கிடைக்கும் அறிவுரை பாதிக்கு மேல் இந்த ரகம்தான், கம்பெனியைக் குறை சொல்லாதே, ஆட்குறைப்பைப் பற்றி வாயைத் திறக்காதே. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி சுத்த வேஸ்ட். ஒரே தொழிலில் இருக்கிற ரெண்டு கம்பெனி, களிமண் விற்கிற ஏஜென்ட் இங்கேயும் போகிறார் அங்கேயும் போகிறார். இருபத்திரண்டு பேரை அனுப்புகிற செய்தி சனிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்திருக்காதா? பொய்யைச் சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றுவதிலேயே பாதி மூளை போய்விட்டால் 573 டிகிரியை எந்த மூளை சொல்லும்?

கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. 'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' புதன்கிழமை கேட்டிருந்தால், 'நீங்க கொடுக்கிறதைக் கொடுங்க சார்' என்று சொல்லியிருப்பார். வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது, அடகில் இருக்கிற அம்மா நகைக்கு வட்டி எல்லாம் சேர்த்து மாசம் 14,000 செலவு. 33,800 கையில் இருந்தால் ரெண்டரை மாசம்கூட வராது. 99,450 என்றால் ஏழு மாசம். ரெண்டு மாசக் காசு வைத்திருக்கிறவர் நாற்காலி நுனியில் உட்காருவார். ஏழு மாசக் காசு வைத்திருக்கிறவர் சாய்ந்து உட்காருவார். எதிரில் இருக்கிறவர் இதைத்தான் முதலில் பார்க்கிறார். 'கான்ஃபிடன்ஸ்' வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள், அந்தப் பாக்கியைப் பற்றி மட்டும் எந்த வகுப்பிலும் பேச மாட்டார்கள்.

சனிக்கிழமை இன்டர்வியூ முக்கால் மணி நேரம் நடந்தது. இங்கிலீஷ் நாலு கேள்வியோடு நின்றுவிட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் விரிசல் விட்ட ஒரு துண்டைக் கையில் கொடுத்து, 'இது எங்க விட்டுதுன்னு சொல்லுங்க' என்று கேட்டார். இவர் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருந்தது. கிளேஸ் உருகுவதற்கு முன்னால் விட்ட விரிசல் என்றால் கிளேஸ் ஓடி விளிம்பு மழுங்கியிருக்கும், இது ஆறும்போது விட்டது என்றார். அதற்குப் பிறகு பேச்சு தமிழிலேயே நடந்திருக்கிறது. ஏன் விடுகிறீர்கள் என்றதற்கு, ஆட்குறைப்பு சார், ஆர்டர் இல்லை, இருபத்திரண்டு பேர் என்றார். அந்தப் பக்கம் தலையாட்டினார்கள், ஏற்கெனவே தெரிந்திருந்தது. சம்பளமும் பழையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பேசி முடிந்தது.

"பதினஞ்சு நாள்ல ஜாயின் பண்ணிடுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் திண்ணையில் யாரும் பதில் தயார் செய்யவில்லை. முன்னறிவிப்புக் காலம் முடிவதற்குள் தானே கிளம்பினால் அதை ராஜினாமா என்று கம்பெனி எழுதிக்கொள்ள வழி இருக்கிறது. 240 நாளும் வராது. முப்பது நாள் வேண்டும் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

திங்கட்கிழமை ஹெச்.ஆரிடம் போய், கையெழுத்துப் போடவில்லை, சட்டப்படி நோட்டீஸ் கொடுங்கள் என்று எழுத்தில் கொடுத்தார். இருபத்திரண்டில் அன்றைக்கு வரைக்கும் பதினாலு பேர் போட்டுவிட்டிருந்தார்கள். மிச்ச எட்டுப் பேருக்கும் சாயங்காலமே ஒரு மாச நோட்டீஸ் வந்தது. சூளை ஓடவேண்டுமே! போனவர்களில் ரெண்டு பேர், போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று மாமாவின் நம்பருக்கு போன் செய்திருக்கிறார்கள். உடனே எழுதிக் கொடுத்துப் பாருங்கள், லேபர் ஆபீசரையும் போய்ப் பாருங்கள் என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது.

புதன்கிழமை புதுக் கம்பெனியிலிருந்து மெயில். வேலை உறுதி. சேர வேண்டிய தேதியும் போட்டிருந்தது. மாமா போனிலேயே எண்ணினார். பழைய இடத்தில் அதற்கு முந்தின நாள் வரைக்கும் இருந்தால் 237. மூணு நாள் குறைகிறது.

இவர் திரும்பக் கூப்பிட்டு, ஒரே ஒரு வாரம் தள்ளித் தர முடியுமா, இந்தக் காரணம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். மேனேஜர் லீவாம். வந்ததும் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

நைட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டார்.